சாயம் மறையும், உப்பு மறையாது

மாசு எத்தனை வகைப்படும், எங்கே பிறக்கிறது, எந்த வழியில் பயணிக்கிறது, அதை யார் செலவில் கட்டுப்படுத்த வேண்டும் என்ற நான்கு கேள்விகளுக்கும் நொய்யல் ஆற்றின் வரலாறு விடை வைத்திருக்கிறது.

மேற்குத் தொடர்ச்சி மலையின் வெள்ளியங்கிரிப் பகுதியில் தோன்றி, கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடு, கரூர் மாவட்டங்களின் வழியே சுமார் 170 கிலோமீட்டர் ஓடி, கரூர் மாவட்டத்தின் நொய்யல் கிராமத்தருகே காவிரியில் கலக்கும் நொய்யல், பழைய வழக்கில் காஞ்சிமாநதி என்று பெயர் பெற்ற ஆறு. மழைக்காலத்தில் மட்டும் பெருகும் அதன் நீரை அணைக்கட்டுகளால் திருப்பி, வாய்க்கால்கள் வழியே குளங்களில் தேக்கி, அக்குளங்களால் சுற்றுவட்டாரக் கிணறுகளின் ஊற்றைக் காத்துவந்த ஏற்பாடு கொங்கு நாட்டு வேளாண்மைக்குப் பல நூற்றாண்டுகள் துணை நின்றது. 1980களில் திருப்பூரின் பின்னலாடை ஏற்றுமதி வேகமெடுத்த பிறகு, அந்த ஏற்றுமதிக்குத் துணையாகச் சாயப்பட்டறைகளும் சலவைப்பட்டறைகளும் நூற்றுக்கணக்கில் பெருகின. மழைநீர் வராத மாதங்களிலும் ஆறு ஓடத் தொடங்கியது, ஆனால் அதில் ஓடியது சாயக்கழிவும் நகரச் சாக்கடையும்தான்.

இன்று ஆண்டுக்கு 30,000 கோடி ரூபாய்க்கு மேல் ஏற்றுமதி செய்து, பல லட்சம் பேருக்கு வேலை தரும் அந்தத் தொழிலின் பெருமையை எவரும் மறுக்க முடியாது. அதே தொழில் ஓர் ஆற்றையும் அதன் கரைகளில் இருந்த தோட்டங்களையும் எப்படிப் பாழாக்கியது, பின்னர் நீதிமன்றத்தின் கட்டளைக்கு உட்பட்டு எப்படித் தன்னைத் திருத்திக்கொள்ள முயன்றது என்பதை ஊன்றிக் கவனித்தால், மாசு மேலாண்மையின் அடிப்படை விதி ஒன்று தெளிவாகும்: சிதையாத மாசு தானாக அழிவதில்லை, ஓரிடத்திலிருந்து அகற்றினால் வேறோரிடத்துக்குச் செல்கிறது, ஆகவே அதைப் பிறக்கும் இடத்திலேயே குறைப்பதும், மிஞ்சியதை அங்கேயே பிடித்து நிறுத்துவதுமே உண்மையான தீர்வு.

மாசின் வகைகளும் மூலங்களும்

காற்றிலோ நீரிலோ நிலத்திலோ அவற்றின் தாங்குதிறனுக்கு மேல் ஒரு பொருளோ ஆற்றலோ சேர்ந்து, உயிர்களுக்கும் மனிதப் பயன்பாட்டுக்கும் கேடு விளைவிக்கும் நிலையையே சுற்றுச்சூழல் மாசு என்கிறோம். சேரும் இடத்தைக் கொண்டு அதைக் காற்று மாசு, நீர் மாசு, நில மாசு என்று பிரிப்பது வழக்கம். பொருளாக அல்லாமல் ஆற்றலாகச் சேரும் ஒலியும் வெப்பமும் இந்த வரிசையில் அடங்கும். குடியிருப்புப் பகுதிகளில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் என்ற வரம்பை 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் நிர்ணயித்திருப்பது இதனால்தான்.

பிறக்கும் விதத்தைக் கொண்டு பார்த்தால் மூலங்கள் இரு வகைப்படும். ஆலையின் கழிவுநீர்க் குழாய், கொதிகலனின் புகைபோக்கி, நகரச் சாக்கடையின் வாய் என்று விரல் நீட்டிக் காட்டக்கூடியவை புள்ளி மூலங்கள். வயல்களிலிருந்து மழையோடு அடித்துவரப்படும் உரமும் பூச்சிக்கொல்லியும், சாலைகளில் ஓடும் ஆயிரக்கணக்கான வாகனங்களின் புகையும் பரவல் மூலங்கள். முன்னதை அளக்கலாம், தடுக்கலாம், உரியவரைப் பொறுப்பாக்கலாம். பின்னதைக் கட்டுப்படுத்த, ஒரு சமூகம் முழுவதும் தன் பழக்கத்தை மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

மேலாண்மைக்கு மிகவும் தேவையான மூன்றாவது பகுப்பு, மாசுப்பொருள் சிதையுமா, சிதையாதா என்பதைப் பற்றியது. வீட்டுச் சாக்கடையில் இருக்கும் உணவுக் கழிவையும் மலத்தையும் நுண்ணுயிர்கள் உண்டு சிதைத்துவிடும். அதற்கு அவை நீரில் கரைந்துள்ள ஆக்சிஜனை எவ்வளவு எடுத்துக்கொள்ளும் என்பதைக் காட்டும் அளவே உயிர்வேதி ஆக்சிஜன் தேவை. இந்தத் தேவை மிகுந்தால் நீரில் ஆக்சிஜன் தீர்ந்து மீன்கள் மடியும் என்றாலும், போதிய காற்றும் கால அவகாசமும் கிடைத்தால் நீர் மீண்டுவிடும். குரோமியம், பாதரசம், காரீயம் போன்ற கன உலோகங்களையோ கரைந்த உப்பையோ எந்த நுண்ணுயிராலும் சிதைக்க முடியாது. ராணிப்பேட்டையில் மூடிக்கிடக்கும் குரோமேட் ஆலையின் வளாகத்தில் குவிந்த குரோமியக் கழிவு, ஆலை நின்று கால் நூற்றாண்டுக்கு மேலான பிறகும் நிலத்தடி நீருக்கு அச்சுறுத்தலாக நீடிப்பது இந்த இயல்பினால்தான். நொய்யலின் துயரமும் இத்தகைய சிதையாத ஒரு பொருளால், நாம் அன்றாடம் அறிந்த உப்பினால் நேர்ந்தது.

சாயத்தொட்டிக்குள் நடப்பது

பருத்தித் துணியை முதலில் காஸ்டிக் சோடாவும் ஹைட்ரஜன் பெராக்சைடும் இட்டு வேகவைத்து, அதன் இயற்கையான மெழுகையும் பழுப்பையும் நீக்குகிறார்கள், இது சலவை. பின்னர் சாயமிடும்போது ஒரு சிக்கல் எழுகிறது. நீரில் மூழ்கிய பருத்தி இழையின் மேற்பரப்பிலும், பெரும்பாலும் பயன்படும் ரியாக்டிவ் சாயங்களின் மூலக்கூறுகளிலும் எதிர்மின்னூட்டமே இருப்பதால், இழை சாயத்தைத் தள்ளிவிடுகிறது. இந்த விலக்கத்தைத் தணித்து, நீரிலிருக்கும் சாயத்தை இழையின் பக்கம் செலுத்துவதற்காகவே லிட்டருக்கு 40 முதல் 80 கிராம் வரை சோடியம் குளோரைடு அல்லது சோடியம் சல்ஃபேட் கொட்டப்படுகிறது. சாயம் இழையில் ஏறியபின் சலவை சோடா சேர்த்து அதை நிலைக்கச் செய்கிறார்கள்.

ஒரு கிலோ துணிக்கு 10 லிட்டர் நீர், லிட்டருக்கு 60 கிராம் உப்பு என்று கொண்டால், ஐந்தாறு பனியன்கள் தைக்கத் தேவையான அந்த ஒரு கிலோ துணிக்கு 600 கிராம் உப்பு செலவாகிறது. சாயத்தின் பெரும்பகுதி துணியோடு போய்விடும். உப்பில் ஒரு கிராம்கூடத் துணியில் தங்குவதில்லை. சாயத்தைத் தொட்டியிலிருந்து இழைக்குக் கொண்டுசேர்க்கும் வேலையை முடித்தவுடன், அது முழுவதும் கழிவுநீரோடு வெளியேறுகிறது.

2000களின் தொடக்கத்தில் திருப்பூர்ப் பட்டறைகளிலிருந்து நாளொன்றுக்கு வெளியேறிய கழிவுநீர் ஏறக்குறைய 8 கோடி லிட்டர். அதன் ஒரு லிட்டரில் 5 கிராம் உப்பு இருந்ததாகக் கொண்டால், ஒரு நாளில் ஆற்றுக்குப் போன உப்பு 400 டன்; இது ஒரு நாள் கணக்கு, இப்படி ஆண்டுக்கணக்கில் போயிருக்கிறது. நீரில் கரைந்துள்ள இத்தகைய உப்புகள் அனைத்தையும் சேர்த்துக் குறிக்கும் அளவே மொத்தக் கரைந்த திடப்பொருள். தொழில் வட்டாரத்தில் டி.டி.எஸ். என்றே வழங்குகிறது. குடிநீரில் அது லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது விரும்பத்தக்கது என்பது இந்தியத் தர நிர்ணயம். நீர்நிலைகளில் விடும் தொழிற்சாலைக் கழிவுநீருக்குத் தமிழ்நாடு மாசு கட்டுப்பாட்டு வாரியம் வைத்த உச்சவரம்பு 2,100 மில்லிகிராம்.

1990களின் பிற்பகுதியில் நீதிமன்ற உத்தரவுகளை அடுத்து அமைக்கப்பட்ட பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் இந்தச் சிக்கலைத் தீர்க்கவில்லை. பல பட்டறைகளின் கழிவுநீரைக் குழாய்வழியே ஓரிடத்தில் சேர்த்து, சுண்ணாம்பும் ஃபெரஸ் சல்ஃபேட்டும் கலந்து, நிறத்தையும் மிதக்கும் துகள்களையும் கசடாகப் படியவைப்பதே அவற்றின் வேலை. நிறம் நீங்கிய நீர் கண்ணுக்குத் தெளிவாகத் தெரிந்தது. கரைந்திருந்த உப்போ அப்படியே ஆற்றுக்குப் போனது. நிறம் நீங்கியதை மாசு நீங்கியதாகக் கருதிக் கழிந்த அந்த ஆண்டுகளுக்கான விலையை ஆற்றின் கீழ்ப்பகுதி மக்கள் கொடுத்தார்கள்.

ஆற்றிலிருந்து வயலுக்கு, வயலிலிருந்து கிணற்றுக்கு

நொய்யலின் கீழ்ப்பகுதியில், சென்னிமலைக்கு அருகே கட்டப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை 1992இல் பயன்பாட்டுக்கு வந்தது. ஈரோடு, கரூர் மாவட்டங்களின் வறண்ட நிலங்களுக்குப் பாசனம் தருவதற்காகக் கட்டப்பட்ட அந்த அணை, சில ஆண்டுகளிலேயே திருப்பூரின் கழிவுநீர் தேங்கும் தொட்டியாக மாறியது. தேங்கிய நீர் தரையில் இறங்கிச் சுற்றியிருந்த கிணறுகளின் நீரை உப்பாக்கியதால், அணையில் நீரைத் தேக்கவே வேண்டாம் என்று பாசன விவசாயிகளே கோரிக்கை வைத்துப் போராடும் நிலை உருவானது. நீருக்காகவே போராடிப் பழகிய தமிழ்நாட்டு வேளாண் வரலாற்றில், அணையைக் காலி செய்யச் சொல்லி எழுந்த குரல் அரிதானது. அந்தக் கோரிக்கையிலேயே மாசின் முழு அளவும் வெளிப்பட்டது.

உப்பு நீர் பயிரை இரண்டு விதத்தில் கெடுக்கிறது. மண்ணிலுள்ள நீரில் உப்பு மிகுந்தால், வேரின் உட்புறத்துக்கும் வெளிப்புறத்துக்கும் இடையிலான அடர்த்தி வேறுபாடு குலைந்து, வயல் ஈரமாக இருந்தும் பயிரால் நீரை உறிஞ்ச முடியாமல் போகிறது. இது உடனே தெரியும் கேடு. மெதுவாக நிகழும் இரண்டாவது கேடு மண்ணின் கட்டமைப்பையே உடைக்கிறது: களிமண் துகள்களைக் கட்டிவைத்திருக்கும் கால்சியத்தின் இடத்தைச் சோடியம் பிடித்துக்கொள்வதால், துகள்கள் ஒன்றையொன்று விட்டுப் பிரிந்து, மண்ணின் நுண்துளைகளை அடைத்துவிடுகின்றன. அத்தகைய நிலத்தில் மழை பெய்தால் நீர் உள்ளே இறங்காமல் சேறாகத் தேங்கும். வெயிலில் காய்ந்தால் மேற்பரப்பு ஓடு போல் இறுகி, முளைக்கும் விதையை வெளியே வரவிடாது. இந்த மண்ணை மீட்க ஜிப்சம் இட்டுக் கால்சியத்தைத் திரும்பச் சேர்த்து, விடுபடும் சோடியத்தை நல்ல நீரால் கழுவி வெளியேற்ற வேண்டும். கிணறே உப்பாகிவிட்ட ஊரில் அந்த நல்ல நீர் மழையிலிருந்து மட்டுமே கிடைக்கும்.

இவ்வாறு நீர் மாசாகத் தொடங்கியது நில மாசாகவும் நிலத்தடி நீர் மாசாகவும் வடிவெடுத்தது. பாலாற்றங்கரையிலும் தோல் பதனிடும் தொழிலால் இதே வரலாறு நடந்திருந்தது. தோல் கழிவால் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ சாகுபடிக்குத் தகுதியிழந்தது என்ற ஆய்வுத் தகவல் உச்ச நீதிமன்றத்தின் முன் வைக்கப்பட்டு, அந்த வழக்கே நாட்டின் சுற்றுச்சூழல் சட்டத்துக்குப் புதிய அடித்தளம் இட்டது.

சட்டமும் தீர்ப்புகளும்

இந்தியாவில் நீர் மாசுத் தடுப்புச் சட்டம் 1974இலும், காற்று மாசுத் தடுப்புச் சட்டம் 1981இலும், போபால் விபத்தை அடுத்துச் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் 1986இலும் இயற்றப்பட்டன. இவற்றின்படி, மாசு உண்டாக்கும் எந்தத் தொழிற்சாலையும் அதை நிறுவுவதற்கும் இயக்குவதற்கும் வாரியத்திடம் தனித்தனியே இசைவாணை பெற வேண்டும். ஆறுகளிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள், மிகுந்த மாசு உண்டாக்கும் புதிய ஆலைகளை அமைக்கக் கூடாதென்று தமிழ்நாடு அரசு 1989இலேயே ஆணையிட்டிருந்தது. ஆகவே நொய்யல் பாழானதற்குச் சட்டம் இல்லாததைக் காரணம் சொல்ல இயலாது. இருந்த சட்டம் நடைமுறைப்படுத்தப்படவில்லை என்பதே உண்மை.

வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த அந்தப் பாலாற்று வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, இரண்டு கோட்பாடுகளை இந்திய நாட்டுச் சட்டத்தின் பகுதியாக ஏற்றது. கேடு விளையும் என்பதற்கு அறிவியல்பூர்வமான முழு உறுதி கிடைக்கும்வரை காத்திராமல் தடுப்பு நடவடிக்கை எடுக்க வேண்டும் என்பது முன்னெச்சரிக்கைக் கோட்பாடு. மாசு உண்டாக்கியவரே பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு தருவதோடு, கெட்டுப்போன சூழலைச் சீர்படுத்தும் செலவையும் ஏற்க வேண்டும் என்பது மாசுபடுத்துபவரே செலுத்தும் கோட்பாடு.

இந்த அடித்தளத்தின்மீதே நொய்யல் பாசன விவசாயிகள் சங்கத்தின் வழக்கு நின்றது. 2006 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம், கழிவுநீரை ஒரு சொட்டும் வெளியேற்றாத நிலையைக் குறித்த காலத்துக்குள் எட்ட வேண்டும் என்றும், அதுவரை வெளியேற்றும் ஒவ்வொரு லிட்டருக்கும் பணம் கட்ட வேண்டும் என்றும் பட்டறைகளுக்கு உத்தரவிட்டது. 2009 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்து, மூன்று மாத அவகாசம் தந்தது. அவகாசம் முடிந்தும் கழிவுநீர் ஆற்றுக்குப் போய்க்கொண்டிருந்ததால், 2011 ஜனவரி 28 அன்று திருப்பூரின் சாயப்பட்டறைகளையும் சலவைப்பட்டறைகளையும் அவற்றின் சுத்திகரிப்பு நிலையங்களையும் மூட உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகளில் வேலை நின்றது. தொழிலாளர்கள் சொந்த ஊர் திரும்பினார்கள். ஏற்றுமதியாளர்கள் வெளியூர்களில் சாயமிட்டு வாங்கினார்கள். அந்த ஆண்டு மாநில அரசு 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் அறிவித்து, சுத்திகரிப்பு நிலையங்களை மேம்படுத்த உதவிய பின்னர், நிபந்தனையை நிறைவேற்றியவை படிப்படியாக மீண்டும் திறக்கப்பட்டன.

ஒரு சொட்டும் வெளியேறாத முறை

பூஜ்ஜியக் கழிவுநீர் வெளியேற்றம் என்று அழைக்கப்படும் இந்த முறையில், பட்டறைகளிலிருந்து வரும் கழிவுநீர் முதலில் ஒரு பெருந்தொட்டியில் சேர்ந்து சமநிலைப்படுகிறது. பின்னர் காற்றூட்டிய தொட்டிகளில் நுண்ணுயிர்கள் கரிமக் கழிவைச் சிதைக்கின்றன. எஞ்சிய நிறம் குளோரின், ஓசோன் போன்றவற்றாலும் பிசின் படுகைகளாலும் நீக்கப்படுகிறது. அதன்பின் வருவதே இந்த முறையின் உயிர்நாடியான எதிர்ச் சவ்வூடு பரவல். நீரை மட்டும் கடத்தி உப்பைத் தடுக்கும் நுண்ணிய சவ்வுகளின் வழியே கழிவுநீரை மிகுந்த அழுத்தத்தில் செலுத்தினால், பெரும்பகுதி நன்னீராகப் பிரிந்து, மீண்டும் பட்டறைக்கே சாயமிடப் போகிறது.

சவ்வைக் கடக்காமல் நின்ற அடர்ந்த உப்புக்கரைசலில் ஒரு பகுதியைத் தூய்மைப்படுத்திச் சாயத்தொட்டிக்கே உப்பாகத் திருப்பி அனுப்ப முடியும் என்று நிறுவியதே திருப்பூர் கண்ட முக்கியமான முன்னேற்றம். எஞ்சியதை ஆவியாக்கிகளில் கொதிக்கவைத்து, குளிரூட்டிப் படிகமாக்கினால் சோடியம் சல்ஃபேட் தனியே பிரிகிறது. இவ்வாறு எளிதில் பிரித்து மீண்டும் பயன்படுத்தலாம் என்பதாலேயே பட்டறைகள் சோடியம் குளோரைடை விட்டுச் சோடியம் சல்ஃபேட்டுக்கு மாறின. முன்பு ஆற்றில் கொட்டப்பட்ட நீரும் உப்பும் இப்போது பெருமளவில் மூலப்பொருளாகத் திரும்புகின்றன. இதை ஒரு நகரத்தின் தொழில்துறை சாதித்துக் காட்டியிருப்பது உண்மையிலேயே பாராட்டத்தக்கது.

ஆயினும் மாசு இடம் மாறும் என்ற விதி இங்கும் விலக்குப் பெறவில்லை. நீரை அழுத்தவும் ஆவியாக்கவும் பெருமளவு மின்சாரமும் நீராவியும் தேவைப்படுகின்றன. நீராவிக்காகக் கொதிகலன்களில் எரியும் விறகின் புகை, நீர் மாசின் ஒரு பகுதியைக் காற்று மாசாக மாற்றுகிறது. அப்புகையில் 2.5 மைக்ரான் அளவுக்கும் குறைந்த நுண்துகள்கள் நுரையீரலின் ஆழம்வரை செல்பவை என்பதால், காற்றில் அவற்றின் ஆண்டுச் சராசரி கனமீட்டருக்கு 40 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாதென்று இந்தியத் தரம் வரையறுக்க, உலக சுகாதார நிறுவனம் 2021இல் அந்த எல்லையை 5ஆகக் குறைத்தது. கரைசலின் கடைசி எச்சமான, பல உப்புகளும் கலந்து எதற்கும் பயன்படாத கலவை உப்பு, மூட்டைகளில் கட்டப்பட்டுக் கிடங்குகளில் குவிகிறது. கசடின் ஒரு பகுதி சிமெண்ட் ஆலைகளுக்கு எரிபொருளோடு சேர்க்கப் போகிறது. மழை படாமல் அந்த உப்பு மூட்டைகளைக் காக்காவிட்டால், இத்தனை செலவில் பிடித்த உப்பு மீண்டும் மண்ணுக்கே திரும்பும்.

மாசு இடம் மாறும் இன்னொரு வழி புவியியல் சார்ந்தது. திருப்பூரில் கட்டுப்பாடு இறுகியபோது, காவிரிக்கரையின் பள்ளிபாளையம், குமாரபாளையம், பவானி வட்டாரங்களில் இசைவாணை இல்லாமல் இயங்கும் பட்டறைகளைக் கண்டுபிடித்து அகற்றுவது அதிகாரிகளுக்குத் தொடர்வேலையானது. ஓர் ஊருக்கு மட்டும் கடுமையான விதி வைத்தால், சட்டத்தை மதிப்பவரின் செலவு கூடி, மதிக்காதவர் மலிவு விலையில் போட்டியிடுகிறார். ஆகவே விதி எல்லோருக்கும் ஒன்றாக இருப்பது நியாயத்துக்கு மட்டுமன்றி, மாசுக் கட்டுப்பாட்டுக்கும் இன்றியமையாதது.

மேலாண்மையின் சரியான வரிசை

இந்த அனுபவங்களிலிருந்து மாசு மேலாண்மைக்கு ஒரு வரிசை கிடைக்கிறது. மாசு பிறப்பதையே தவிர்ப்பது முதற்படி, பிறந்ததை மறுபயன்பாட்டுக்குத் திருப்புவது இரண்டாவது, சுத்திகரிப்பது மூன்றாவது, எஞ்சியதைப் பாதுகாப்பாக அகற்றுவது கடைசி. நாற்பதாண்டுகளாக நம் கவனமும் பணமும் பெரும்பாலும் கடைசி இரண்டு படிகளிலேயே செலவாகின்றன.

முதற்படிக்கான வழிகள் சாயத்தொழிலில் இன்று கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. ஒரு கிலோ துணிக்கு 10 லிட்டருக்கு மேல் நீர் கேட்கும் பழைய வின்ச் இயந்திரங்களுக்குப் பதிலாக 6 லிட்டரில் சாயமிடும் சாஃப்ட் ஃப்ளோ இயந்திரத்தைப் பயன்படுத்தினால், மேலே கணக்கிட்ட 600 கிராம் உப்பு 360 கிராமாகக் குறையும். குறைந்த உப்பில் ஏறும் சாயங்கள் சந்தையில் உள்ளன. சாயக்கரைசலில் துணியைத் தோய்த்துப் பிழிந்து, உருளையில் சுற்றிக் குளிர்நிலையிலேயே பல மணி நேரம் வைத்து நிறமேற்றும் முறைக்கு உப்பே தேவையில்லை. தொட்டியில் போடாத உப்பைப் பிரிக்க எந்தச் சவ்வும் வேண்டியதில்லை என்பதால், சுத்திகரிப்பில் செலவிடும் ஒவ்வொரு ரூபாயைவிடவும் இந்த மாற்றத்தில் செலவிடும் ரூபாய் மதிப்பு மிக்கது.

சாயப்பட்டறைகளைத் திருத்தினால் மட்டும் நொய்யல் மீண்டுவிடாது என்பதும் சொல்லப்பட வேண்டும். கோயம்புத்தூரும் திருப்பூரும் வெளியேற்றும் வீட்டுச் சாக்கடை, ஜம்மனை ஓடை போன்ற துணையோடைகளில் கொட்டப்படும் குப்பையும் நெகிழியும், தோட்டங்களிலிருந்து வழியும் உரநீர் ஆகியவை இன்னும் ஆற்றைச் சேர்கின்றன. ஒருமுறை பயன்படுத்தி எறியும் 14 வகை நெகிழிப் பொருள்களுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை இருந்தும் அவை புழக்கத்திலிருந்து ஒழியவில்லை. ஆலை முதலாளியிடம் எதிர்பார்க்கும் பொறுப்பை உள்ளாட்சி அமைப்பும் குடிமக்களும் தம்மிடமும் எதிர்பார்க்க வேண்டும். பாதாளச் சாக்கடை இணைப்புகளும் சுத்திகரிப்பு நிலையங்களும் முழுமையடையாத நகரம், தொழிற்சாலையைக் குறைசொல்லும் தகுதியைப் பெறுவதில்லை.

இறுதியாக எஞ்சுவது செலவு பற்றிய கேள்வி. கழிவுநீரைச் சுத்திகரிக்காமல் ஆற்றில் விட்ட காலத்தில் துணியின் விலை குறைவாக இருந்ததற்குக் காரணம், அந்த விலையின் ஒரு பகுதியை ஒரத்துப்பாளையத்தின் விவசாயி தன் கிணற்றாலும் நிலத்தாலும் செலுத்தியதே. சுத்திகரிப்புக்குச் செலவிடும் பட்டறைக்கு அதற்கேற்ற கூலியைத் தராமல் விலையைக் குறைக்கச் சொல்லும் இறக்குமதி நிறுவனங்களும், நாட்டின் எல்லாச் சாயத் தொழில் மையங்களுக்கும் ஒரே நிபந்தனையை விதிக்கத் தயங்கும் அரசும், மலிவான ஆடை எப்படி மலிவானது என்று கேட்காத வாடிக்கையாளரும் இந்தக் கணக்கில் பங்குதாரர்களே. சுத்திகரிப்பின் முழுச் செலவும் ஆடையின் விலையில் சேர வேண்டும், விதி எல்லா ஊருக்கும் ஒன்றாக வேண்டும், கிடங்குகளில் குவியும் கலவை உப்புக்கு நிலையான முடிவு காண வேண்டும். இவை மூன்றும் நிறைவேறாத வரை, ஆற்றின் கீழ்க்கரையில் வாழ்பவரே மற்றவர்களின் கடனை அடைத்துக்கொண்டிருப்பார். அந்தச் சுமையை அவர்மீது ஏற்ற எவருக்கும் உரிமை இல்லை.